மெயில் சேர்வரின் இடாப்பு யார் கையில்?

ஒரு சனிக்கிழமை காலை, யாழ் நகரில் உள்ள சிறிய நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. முதல் நாள் மாலையிலிருந்து அவர்கள் அனுப்பும் எந்தக் கடிதத்தையும் ஜிமெயில் ஏற்கவில்லை. போய் சேர்வரின் வரிசையைப் பார்த்தேன். 11,000-க்கு மேற்பட்ட கடிதங்கள் வெளியே போகக் காத்துக் கிடந்தன. எல்லாம் ஒரே கணக்கிலிருந்து. அந்தப் பெயரைச் சொல்லி முன்னறையில் இருந்த கிளாக்கர் அக்காவிடம் கேட்டேன்.

"அவர் கனடா போய் எட்டு மாசம் எல்லோ தம்பி" என்றார்.

சொல்லிவிட்டு மேசை லாச்சியைத் திறந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தார். அந்த மனிதர் விலகிய திகதி, கந்தோர்ச் சாவியைத் திருப்பித் தந்தது, அடையாள அட்டையைத் தந்தது, கையெழுத்து, எல்லாம் ஒரே வரியில் ஒழுங்காக இருந்தன. மெயில் கணக்கைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை. அக்காவில் பிழை இல்லை. அந்தக் கணக்கு சேர்வருக்குள் அவர் பார்க்க முடியாத ஒரு கோப்பில் இருந்தது. அந்தக் கோப்பைத் திறக்கத் தெரிந்த எனக்கோ, ஆள் போனது தெரியாது. இடையில் அவருடைய கடவுச்சொல் எங்கேயோ கசிந்து, யாரோ ஒருவர் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மெயில் சேர்வர் ஒன்றை நிறுவும்போது பயனர் கணக்குகளை எங்கே வைப்பது என்ற கேள்வி கட்டாயம் வரும். மெயில் சேர்வருக்கு வேண்டியதை ஒன்றாகச் சேர்த்து நிறுவித் தரும் ஐரெட்மெயில் போன்ற தொகுப்புகள் நிறுவும்போதே கேட்டுவிடும்: கணக்குகளை வைக்க ஓப்பன்எல்டாப்பா, மரியாடிபியா, போஸ்ட்கிரெஸ்ஸா? பலர் இதை வேகத்தையும் வசதியையும் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது ஒரு இடத்துக்குப் போனால் முதலில் கேட்பது வேறு. இங்கே ஒருவர் சேர்ந்ததும் விலகியதும் யாருக்கு முதலில் தெரியும்? அவருடைய கை எட்டும் இடத்தில்தான் இடாப்பு, அதாவது கணக்குகளின் பட்டியல், இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பு வகுப்பாசிரியரிடம் இருப்பதற்கும் காரணம் அதுதானே.

அந்த இடாப்பை மெயில் சேர்வர் எப்படி வாசிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் மற்றவை தானாக விளங்கும். லினக்ஸில் பொதுவாக இரண்டு மென்பொருள்கள் சேர்ந்து வேலை செய்யும். கடிதத்தை வாங்குவதும் அனுப்புவதும் போஸ்ட்ஃபிக்ஸ். வியட்சே வெனிமா எழுதி 1998-இல் வெளிவந்தது. பெட்டியில் இருக்கும் கடிதங்களைக் கைபேசிக்கும் கணினிக்கும் எடுத்துக் கொடுப்பது டவ்கொட். பின்லாந்தைச் சேர்ந்த திமோ சிராய்னன் 2002-இல் வெளியிட்டது. இந்த இரண்டும் சேர்ந்து இடாப்பிடம் மூன்று கேள்விகள் கேட்கின்றன.

வெளியிலிருந்து கடிதம் ஒன்று வந்து கதவைத் தட்டும்போது, இந்த முகவரிக்கு இங்கே ஆள் இருக்கிறாரா என்று போஸ்ட்ஃபிக்ஸ் கேட்கும். ஒருவர் உள்ளே நுழையும்போது, இந்தக் கடவுச்சொல் சரியா என்று டவ்கொட் கேட்கும். கடிதம் அனுப்ப வருபவரின் கடவுச்சொல்லையும் போஸ்ட்ஃபிக்ஸ் தானே சரிபார்ப்பதில்லை, டவ்கொட்டிடமே விட்டுவிடலாம். மூன்றாவது, இவருடைய பெட்டி வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பயனரின் பெயரில் அதைத் திறக்க வேண்டும் என்பது. டவ்கொட் இந்தக் கடைசி இரண்டையும் வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறது. கடவுச்சொல்லை ஓரிடத்திலும் பெட்டியின் விவரத்தை இன்னோரிடத்திலும் தேடச் சொல்லலாம்.

மூன்று கேள்விகளுக்கும் ஒரே பதில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விலகிப் போனவரின் கடவுச்சொல்லை அன்றைக்கே செல்லாததாக்கலாம். ஆனால் அவருடைய முகவரிக்கு வரும் கடிதங்களை இன்னும் மூன்று மாதம் அவருடைய இடத்துக்கு வந்தவருக்குத் திருப்பிவிடலாம். பழைய பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கணக்கை அழிப்பது என்ற ஒரே செயலாக இதை நினைக்கும்போதுதான், "பிறகு தேவைப்படும், இருக்கட்டும்" என்று ஒன்றையுமே செய்யாமல் விட்டுவிடுகிறோம்.

சரி, இடங்களுக்கு வருவோம். ஆகப் பழையது, லினக்ஸின் சொந்தப் பயனர் பட்டியல். எட்சி அடைவில் உள்ள பாஸ்வேர்ட் கோப்பில் ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு பகுதிகள், நடுவே முக்காற்புள்ளிகள். கடவுச்சொல்லின் குழம்பிய வடிவம் (திரும்ப வாசிக்க முடியாதபடி மாற்றிய 'ஹாஷ்') பக்கத்தில் உள்ள ஷேடோ கோப்பில் இருக்கும். சேர்வரில் எப்படியும் ஆட்கள் நுழைந்து வேலை செய்வார்கள் என்ற காலத்துக்கு இது பொருத்தம். இன்றைக்கு மெயில் பார்க்க மட்டும் வரும் கணக்காளருக்குச் சேர்வரில் ஒரு லினக்ஸ் பயனர் எதற்கு? மெயில் கடவுச்சொல் கசிந்தால் அதுவே சேர்வரின் வாசலுக்கும் சாவியாகிவிடும் ஆபத்து உண்டு. இரண்டு டொமைன்களை (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்களை) ஒரே சேர்வரில் வைத்தால் இன்னொரு சிக்கல். இரண்டிலும் 'அலுவலகம்' என்ற முகவரி வேண்டும், ஆனால் பட்டியலில் அந்தப் பெயர் ஒருமுறைதான் வர முடியும். இதை நான் இப்போது யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது தனிக் கோப்பு. லினக்ஸ் பயனர்களைத் தொடாமல், மெயிலுக்கென்றே ஒரு பட்டியல். எல்லாருடைய பெட்டிகளும் 'விமெயில்' என்று நாமே உருவாக்கும் ஒரே லினக்ஸ் பயனருக்குக் கீழே இருக்கும். டோக்கர் மெயில்சேர்வர் தொகுப்பு ஆரம்பத்திலிருந்தே இந்த வழியில்தான் போகிறது. இருபது, முப்பது கணக்குகள் உள்ள இடத்துக்கு இது மிக நல்ல வழி என்பேன். பழுதாகக் கூடிய இன்னொரு சேவை இல்லை. பிரதி எடுப்பதென்றால் ஒரு கோப்பை நகலெடுப்பதுதான். யார் எப்போது மாற்றினார் என்று, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் வைத்தே பார்க்கலாம்.

ஆனால் கோப்பு வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது. இடாப்பை வாசிக்கவே முடியாமல் போனால் போஸ்ட்ஃபிக்ஸ் 451 என்ற தற்காலிகப் பதிலைக் கொடுக்கும். அனுப்பிய சேர்வர் கடிதத்தை வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் வழக்கமாக 5 நாள் வரை. அதற்குள் நாம் சரிசெய்துவிட்டால் ஒரு கடிதமும் தொலையாது. ஆனால் இடாப்பு வாசிக்க முடிந்து, வெறுமையாக இருந்தால்? சேர்வர் நம்பிக்கையோடு "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று 550 பதிலைக் கொடுக்கும். அது நிரந்தர மறுப்பு. வந்த கடிதமெல்லாம் அந்த நிமிடமே திரும்பிப் போய்விடும். வாசிக்க முடியாத இடாப்பை விட வெற்று இடாப்பு பல மடங்கு ஆபத்து. விரிதாளிலிருந்து கோப்பை உருவாக்கும் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றாலோ, வட்டு நிரம்பிவிட்டாலோ இது நடக்கும். அதனால் புதிய பட்டியலை எப்போதும் வேறு பெயரில் எழுதி, வரிகளை எண்ணிப் பார்த்து, அப்புறம்தான் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். ஒரே வட்டுப் பகுதிக்குள் பெயர் மாற்றுவது லினக்ஸில் ஒரே அடியில் நடக்கும். பாதிக் கோப்பை யாரும் வாசிக்க நேராது.

கோப்பின் இன்னொரு குறையைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோம். கிளாக்கர் அக்காவால் அதில் எழுத முடியாது.

அங்கேதான் தரவுத்தளத்தின் தேவை வருகிறது. மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் எதுவானாலும் அடிப்படையில் மூன்று அட்டவணைகள்: டொமைன்கள், பயனர்கள், மாற்றுமுகவரிகள் (தனக்கென்று பெட்டி இல்லாமல், வரும் கடிதத்தை இன்னொரு கணக்குக்குத் திருப்பும் முகவரிகள்). இதற்கு மேல் போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின் போல ஓர் இணையப் பக்கத்தை வைத்தால், ஒவ்வொரு டொமைனுக்கும் அந்தந்த இடத்து ஆளையே நிர்வாகியாக்கலாம். அவருக்குத் தன் டொமைன் மட்டும் தெரியும், மற்றது தெரியாது. என்னைப் பொறுத்தவரை தரவுத்தளத்தின் பெரிய நன்மை இதுதான். ஐம்பது கணக்குகளைத் தேடும் வேகத்தில் கோப்புக்கும் தரவுத்தளத்துக்கும் வித்தியாசத்தை யாரும் உணரப் போவதில்லை.

வேகத்தில் இல்லாவிட்டாலும் இணைப்புகளின் எண்ணிக்கையில் ஒரு சிக்கல் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு வேலைக்கு 100 செயல்முறைகள் வரை தொடங்கலாம் என்பது அதன் இயல்பான எல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அட்டவணைக்கும் தனித்தனியே இணைப்பைத் திறக்கும். மைஎஸ்கியூஎல் இயல்பாக அனுமதிப்பது 151 இணைப்புகள். ஸ்பாம் வெள்ளம் ஒன்று வந்தால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். இதற்காகவே போஸ்ட்ஃபிக்ஸில் 'பிராக்ஸிமேப்' என்ற இடையாள் இருக்கிறார். எல்லாருக்கும் பொதுவாகச் சில இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிர்ந்து கொடுப்பார். அமைப்புக் கோப்பில் அட்டவணையின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். மறந்துவிட்டு, தரவுத்தளத்தைக் குறை சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. மெயில் சேர்வர் தரவுத்தளத்துக்குள் நுழையும் பெயருக்கு வாசிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். எழுதும் அனுமதி நிர்வாகப் பக்கத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

அட்டவணை போடும்போது எங்கள் ஊருக்கே உரிய ஒரு விசயத்தை நினைவில் வைக்க வேண்டும். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும், அப்புறம் சொந்தப் பெயர். கலியாணத்துக்குப் பிறகு பல பெண்கள் கணவர் பெயரின் எழுத்தை முன்னால் போடுவார்கள். முகவரி மாறும். பெட்டியின் பாதையை முகவரியிலிருந்தே கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தால், முகவரி மாறிய அன்று அந்தப் பிள்ளை உள்ளே வந்து பார்ப்பது வெறும் பெட்டியைத்தான். பத்து வருடக் கடிதங்களும் பழைய பெயரில் உள்ள அடைவுக்குள் கிடக்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் மாறாத எண் ஒன்று, பெட்டியின் பாதை அந்த எண்ணில், முகவரி அட்டவணையில் வெறும் ஒரு நிரல். இப்படிச் செய்தால் பெயர் மாற்றம் ஒரே வரித் திருத்தமாக முடிந்துவிடும். அதேபோல, ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இருவர் வெவ்வேறு வருடங்களில் வேலைக்கு வருவது இங்கே சாதாரணம். விலகியவரின் முகவரியைப் புதியவருக்குக் கொடுக்காதீர்கள். முன்னவரின் வங்கிக் கடிதம் பின்னவரின் கைபேசியில் வந்து விழும்.

தமிழிலேயே முகவரி வைக்க விரும்புவோரும் இருக்கிறார்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. '.இலங்கை' என்ற டொமைன் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஆங்கிலமல்லாத முகவரிகளை ஏற்கிறது. ஆனால் 'கொ' என்ற எழுத்தை யூனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு இரண்டு. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றாவிட்டால், இருக்கிற ஆளையே இல்லை என்று சேர்வர் சொல்லும்.

எல்டாப் இன்னொரு வகை. 1990-களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஆட்களின் விவரத்தைக் கிளை கிளையாக ஒரு மரம்போல வைக்கும். எழுதுவது அரிது, வாசிப்பது ஓயாது என்ற நிலைக்கென்றே செய்யப்பட்டது. மெயிலுக்கு மட்டும் என்றால் இது தேவைக்கு மிஞ்சிய பாரம். அதே ஆட்கள் அதே கடவுச்சொல்லோடு வைஃபைக்கும், கோப்புப் பகிர்வுக்கும், மூடில் பாடத்தளத்துக்கும் நுழைகிறார்கள் என்றால் கதை வேறு. யாழ் பல்கலைக்கழகம் போல ஒவ்வொரு வருடமும் ஒரு பெரும் தொகுதி மாணவர் உள்ளே வந்து இன்னொரு தொகுதி வெளியேறும் இடத்தில், ஐந்து சேவைகளுக்கு ஐந்து இடாப்பு வைத்தால் ஒன்றிலாவது பிழைக்கும். கந்தோர்க் கணினிகளின் பயனர் பட்டியலை வைத்திருக்கும் அக்டிவ் டிரெக்டரியோ சம்பாவோ ஏற்கெனவே ஓடினால் மெயிலுக்கென்று புதிய பட்டியல் தொடங்காதீர்கள், அதையே வாசிக்கச் சொல்லுங்கள். அக்டிவ் டிரெக்டரி கடவுச்சொல்லின் குழம்பிய வடிவத்தை எல்டாப் வழியாக வெளியே தராது. டவ்கொட், வந்த கடவுச்சொல்லைக் கொண்டுபோய் அங்கே நுழைய முயன்று பார்க்கும். நுழைய விட்டால் சரி. மெயில் சேர்வர் களவு போனாலும் கடவுச்சொற்களின் பட்டியல் அதில் இல்லை என்பது இதில் கிடைக்கும் இலாபம்.

இப்போது இடம் என்பதை அதன் நேர்ப் பொருளிலேயே எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியான நாட்களில் என்ன நடக்கும் என்று பாருங்கள். மெயில் சேர்வர் சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ ஒரு தரவுமையத்தில் பத்திரமாக ஓடிக்கொண்டிருக்கும். பயனர் இடாப்பு யாழ்ப்பாணக் கந்தோரில், யூ.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும் ஒரு கணினியில். இங்கே கரண்ட் நின்றால், கொழும்பிலோ லண்டனிலோ இருப்பவரும் தன் பெட்டியைத் திறக்க முடியாது. கடிதங்கள் 451-இல் காத்திருக்கும், தொலையாது. ஆனால் வேலை நின்றுவிடும்.

எழுதும் பிரதி, எழுதுபவருக்குப் பக்கத்தில். வாசிக்கும் பிரதி, மெயில் சேர்வருக்குப் பக்கத்தில். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் சிக்கல் தீரும். ஓப்பன்எல்டாப்பிலும் மரியாடிபியிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஒரு பிரதியை இன்னொன்று தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வைக்கலாம். சிறிய இடத்துக்கு, மணிக்கு ஒருமுறை பட்டியலைக் கோப்பாக எடுத்து அனுப்பினாலே போதும். மேலே சொன்ன பெயர்மாற்றும் ஒழுங்கோடு. இடாப்பில் வாசித்த விவரத்தைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும் டவ்கொட்டின் நினைவகச் சேமிப்பையும் இயக்கி வையுங்கள். வழக்கமாக அதன் காலம் முடிந்த விவரங்களைத் தொடாது, ஆனால் இடாப்பு பழுதுபட்டுப் பதில் தராதபோது பழைய விவரத்தையே வைத்து ஆளை உள்ளே விடும்.

அந்தச் சேமிப்புக்கு மறுபக்கமும் உண்டு. ஒருவரின் கணக்கை நிறுத்திய பிறகும், சேமிப்பின் காலம் தீரும் வரை பழைய கடவுச்சொல் ஏற்கப்படலாம். அதோடு, கைபேசியில் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு, கணக்கை நிறுத்தியதாலேயே அறுந்துவிடாது. ஆகவே பகையோடு விலகிய ஒருவரின் கணக்கை நிறுத்தும்போது மூன்று வேலை: இடாப்பில் நிறுத்துவது, சேமிப்பைத் துடைப்பது, திறந்திருக்கும் இணைப்பை வெட்டுவது. கடைசி இரண்டுக்கும் டவ்கொட்டில் கட்டளைகள் இருக்கின்றன.

பழைய மாணவர் சங்கங்களுக்காகத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 'தலைவர்', 'செயலாளர்', 'பொருளாளர்' என்று கணக்குகளைத் திறந்து, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்ததும் கடவுச்சொல்லைத் துண்டுக் கடதாசியில் எழுதிப் புதியவரிடம் கொடுக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. நாலு நிர்வாகம் மாறிய பிறகு ரொறன்ரோவில் இருக்கும் முன்னாள் பொருளாளரின் கைபேசியில் இன்னும் அந்தப் பெட்டி திறந்திருக்கும். கணக்கு ஆளுக்கு உரியது, பதவி மாற்றுமுகவரிக்கு உரியது. 'பொருளாளர்' என்பது மாற்றுமுகவரி அட்டவணையில் ஒரு வரியாக இருந்து, இந்த வருடப் பொருளாளரின் சொந்தக் கணக்கைக் காட்டட்டும். கூட்டம் முடிந்த இரவே செயலாளர் அந்த வரியைத் திருத்திவிடலாம். பதவிக்குரிய பழைய கடிதங்கள் அடுத்தவருக்கும் வேண்டும் என்றால், அதற்குப் பகிர்பெட்டி ஒன்று வைத்து, அவரவர் சொந்தக் கடவுச்சொல்லோடு திறக்க விடலாம்.

கடவுச்சொற்களை எங்கே வைத்தாலும் வெறும் எழுத்தாக வைக்காதீர்கள். கிராம்-எம்டி5 போன்ற பழைய நுழைவு முறைகளுக்காக அப்படி வைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று இணைப்பே மறைகுறியாக்கப்பட்டிருக்கும்போது அதற்குத் தேவை இல்லை. ஆர்கன்2 அல்லது பிகிரிப்ட் என்ற முறையில் குழப்பி வைத்தால் போதும். டவ்கொட் ஒவ்வொரு கடவுச்சொல்லின் முன்னாலும் அதன் முறையின் பெயரைச் சேர்த்து வைக்க விடுவதால், பழையதும் புதியதும் ஒரே பட்டியலில் கலந்திருக்கலாம். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. பெயரும் முகவரியும் உள்ள இந்த இடாப்பு அந்தச் சட்டம் பேசும் வகைத் தரவுதான்.

அந்தச் சனிக்கிழமைக் கந்தோரில் இருந்தது 38 கணக்குகள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கோப்பே போதும் என்றிருப்பேன். ஆனாலும் மரியாடிபியும் போஸ்ட்ஃபிக்ஸ்அட்மினும் போட்டு, அந்த டொமைனின் நிர்வாகியாகக் கிளாக்கர் அக்காவைச் சேர்த்தேன். முதலில் பயந்தார். ஒரு சோதனைக் கணக்கைத் திறந்து, நிறுத்தி, திரும்பத் திறந்து பார்த்த பிறகு பயம் போய்விட்டது. கொப்பியையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தோம். விலகிய இன்னும் ஆறு பேரின் கணக்குகள் திறந்தபடி இருந்தன.

போன மாதம் அங்கே ஒருவர் விலகினார். சாவியை வாங்கி, கையெழுத்து வாங்கி, கணினிப் பக்கம் திரும்பி அவருடைய பெயருக்கு எதிரே இருந்த குறியை அக்கா எடுத்துவிட்டார். பிறகு கொப்பியில் அடிமட்டத்தை வைத்து இன்னொரு கோடு இழுத்து, புதிய நிரலுக்கு மேலே 'மெயில்' என்று எழுதினார்.